வீடு கட்டப் போனால் மனசு தேறுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பீச்ட்ரீ_வாசி (அட்லாண்டா)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்கு ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்.

போன வருடம் வேலை போனது. ஐ.டி. ஆட்களுக்கு இந்தக் கதை புதிதில்லை, அதனால் நீட்டவில்லை. மனைவி வேலைக்கும் பிள்ளைகள் ஸ்கூலுக்கும் போன பிறகு வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் எடுக்கவே கூச்சம். இந்த நிலைமையில் தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர், "சும்மா வாய்யா, கேள்வி கேட்காதே" என்று ஒரு சனிக்கிழமை காலையில் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஹேபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு, சொந்த வீடு இல்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டும் இடம். தலைக்கு ஹெல்மெட், இடுப்பில் ஆணிப் பை, கையில் சுத்தியல்.

எனக்குக் கொடுத்த வேலை வெளிச்சுவருக்கு வினைல் பலகை அடிப்பது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஆணியை முழுதாக இறுக்கி அடிக்கக் கூடாதாம். பலகையில் நீளவாக்கில் துளை இருக்கும், அதன் நடுவில் அடித்து, ஆணித் தலைக்குக் கீழே ஒரு சில்லறைக் காசு நுழைகிற இடைவெளி விட வேண்டும். வெயிலில் வினைல் நீளும், குளிரில் சுருங்கும். இறுக்கிவிட்டால் கோடையில் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அவர் பலகையை இடமும் வலமும் தள்ளிப் பார்ப்பார். நகர்ந்தால் தலையாட்டுவார். நகராவிட்டால் ஒன்றும் பேசாமல் ஆணி பிடுங்கும் கம்பியை நீட்டுவார்.

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எதிரே சுவர் பாதி மூடியிருந்தது. அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். அப்புறம் தொடர்ந்து போகிறேன். இப்போது வேலையும் கிடைத்துவிட்டது, ஆனாலும் சனிக்கிழமையை விட மனசு வரவில்லை.

உறுத்தல் ஒன்றுதான். நான் போவது அந்தக் குடும்பத்துக்காகவா, என் தூக்கத்துக்காகவா? உங்களில் யாராவது இந்த மாதிரி வேலைக்குப் போயிருக்கிறீர்களா?

---

சும்மா_வாசகன்

நல்ல விஷயம் சார். ஒரு சந்தேகம். அந்த வீட்டை யாருக்கோ இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்களா? அப்படியென்றால் வாங்குகிறவர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாரா?

---

பீச்ட்ரீ_வாசி (அட்லாண்டா)

இலவசம் கிடையாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வீடு வாங்கும் குடும்பம் மாதத் தவணை கட்ட வேண்டும். லாபம் வைக்காத விலை, வட்டி இல்லாமலோ கட்டுப்படியாகிற அளவிலோ கடன். கூடவே பல நூறு மணி நேரம் அவர்களும் உழைக்க வேண்டும், தங்கள் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலும். நான் வேலை செய்த வீட்டுக்கு வரப்போகிற அம்மா ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து எங்களோடு பெயின்ட் அடித்தார்.

இது தொடங்கியது எங்கள் ஜார்ஜியாவில்தான். அட்லாண்டாவுக்குத் தெற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அமெரிக்கஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் பக்கத்தில் 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் கொய்னோனியா என்று ஒரு பண்ணை தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உழுது ஒரே மேஜையில் சாப்பிட்ட இடம். அந்தக் காலத்துத் தெற்கு அமெரிக்காவில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1950-களில் துப்பாக்கிச் சூடு, குண்டு வீச்சு, உள்ளூர்க் கடைகள் சாமான் தர மாட்டோம் என்று ஒதுக்கிவைத்தது எல்லாம் நடந்தது. பீக்கன் கொட்டையைத் தபாலில் வெளியூருக்கு விற்றுப் பிழைத்தார்கள்.

மில்லர்ட் ஃபுல்லர் என்ற இளம் பணக்காரர் அங்கே வந்து சேர்ந்தார். பணம் பணம் என்று ஓடியதில் மனைவி லிண்டா பிரிந்து போகும் நிலை வந்து, சொத்தையெல்லாம் விற்றுக் கொடுத்துவிட்டு இருவரும் புது வாழ்க்கை தேடி வந்தவர்கள். 1968-இல் அந்தப் பண்ணையில் ஏழைகளுக்கு வட்டியில்லாக் கடனில் வீடு கட்டும் திட்டம் பிறந்தது. பிறகு சில வருடம் ஆப்பிரிக்காவில் ஜயரில் (இன்றைய காங்கோ) கட்டிவிட்டுத் திரும்பி வந்து 1976-இல் ஹேபிட்டாட்டைத் தொடங்கினார்கள். இதையெல்லாம் எனக்குச் சொன்னதும் அதே தபால்காரர்தான்.

---

புனே_பழசு

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. 1980 தேர்தலில் தோற்று, 56 வயதில் பிளெய்ன்ஸ் கிராமத்துக்குத் திரும்பியபோது அவர் நிலைமையும் உங்கள் நிலைமைதான். பதவி போச்சு, வேர்க்கடலை வியாபாரத்தில் பெரிய கடன். வெள்ளை மாளிகை ஊழியர்கள் வழியனுப்பும்போது தச்சு வேலைக் கருவி வாங்கப் பணம் சேர்த்துக் கொடுத்தார்களாம். 1984-இல் பக்கத்து ஊரான அமெரிக்கஸில் ஹேபிட்டாட்டின் வீடு கட்டும் வேலை செய்தார். அதே வருடம் தொண்டர்களோடு பஸ் ஏறி நியூயார்க்குக்குப் போய், பாழடைந்து கிடந்த ஒரு கட்டடத்தை 19 குடும்பங்களுக்கான வீடாக மாற்றும் வேலையில் இறங்கினார். முன்னாள் ஜனாதிபதி பஸ்ஸில்!

2006-இல் லோனாவாலா பக்கத்தில் மாலவ்லிக்கு மனைவியோடு வந்தார், 100 வீடு கட்டும் திட்டம். நான் அப்போது புனேயில் வேலை பார்த்தேன். எங்கள் ஆபீஸிலிருந்து ஆள் போனார்கள், கூட நானும் ஒட்டிக்கொண்டேன். தொட்டுப் பார்க்கும் தூரத்தில் எல்லாம் பார்க்கவில்லை, தூரத்தில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது, அவ்வளவுதான். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து 14 தையல் போட்டும் கண் கறுத்த முகத்தோடு நாஷ்வில் போய் நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

மனசு தேறுமா என்று கேட்டால், அந்த ஆளைப் பார்த்தால் போதாதா?

---

மேஸ்திரி_மகன் (தஞ்சாவூர்)

கோபித்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன்.

என் அப்பா மேஸ்திரி. அம்மா சித்தாளாக இருந்து அவரைக் கட்டிக்கொண்டவர். வாணம் (அஸ்திவாரம்) தோண்டுவதிலிருந்து கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாள் தரை கழுவுவது வரைக்கும் இருவரும் பார்த்த வேலைக்கு, "மனசு லேசானதா?" என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் கழுத்தை ஒரு பக்கம் திருப்ப முடியாது. பாண்டில் கலவை சுமந்த தலை அது. பணம் கொடுத்து ஜிம்முக்குப் போகிற மாதிரி ஒரு நாள் செங்கல் தூக்கிவிட்டு ஆனந்தம் வந்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்ட ஒரு கம்பெனியிலிருந்து பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஒரே கலரில் டீ-சர்ட். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாமல் நாலு வரி கட்டி, போட்டோ எடுத்து, பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் அப்பாவும் இன்னொரு கொத்தனாரும் அந்த நாலு வரியையும் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். பிரித்த செங்கலில் ஒட்டிய கலவையைச் சுரண்டி எடுத்தது அம்மா. வந்துபோன பஸ் வாடகைக்கு உள்ளூர் ஆள் ரெண்டு பேருக்கு ஒரு வாரம் வேலை கொடுத்திருக்கலாம்.

பீச்ட்ரீ அண்ணன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் ஆணி பிடுங்கச் சொன்னால் பிடுங்குகிறார். ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன்.

---

பீச்ட்ரீ_வாசி (அட்லாண்டா)

தம்பி, கோபமே இல்லை. நீங்கள் சொன்னது அத்தனையும் நியாயம். இங்கே அடித்தளம், மின்சாரம், குழாய் எல்லாம் லைசென்ஸ் உள்ளவர்கள்தான் செய்கிறார்கள். எங்களிடம் வருவது கெட்டுப்போனால் பிரித்துத் திரும்ப அடிக்கக்கூடிய வேலை மட்டும். சைட்டை நடத்துகிறவரும் சம்பளக்காரர், அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அம்மாவுக்கு என் வணக்கம்.

---

வன்னிமண் (கிளிநொச்சி)

நான் மற்றப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், வீடு கிடைத்த பக்கத்திலிருந்து.

யுத்தம் முடிந்து மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தபோது எங்கள் காணியில் கிணறும் அரைச் சுவரும்தான் மிச்சம். தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. மொத்தம் 50,000 வீடு. அதில் பெரும்பகுதி வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. எங்களுக்கு ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக வங்கிக்கு வரும். 550 சதுர அடி. ஒப்பந்தக்காரர் கட்டித் தருவதில்லை, வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். பீச்ட்ரீ அண்ணா சொன்ன அதே ஹேபிட்டாட்டும் இங்கே அதை நடைமுறைப்படுத்திய அமைப்புகளில் ஒன்று.

ஊரே ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினால் என்ன நடக்கும்? மணல் விலை ஏறும், மேசன்மார் கிடைக்க மாட்டார்கள். ஆம்பிளை உள்ள வீட்டுக்காரர் தாங்களே அத்திவாரம் வெட்டி, தாங்களே கல் அரிந்து கூலியை மிச்சம் பிடித்தார்கள். தனித்திருந்த பெண்களுக்கு அது முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு அக்கா. நகையை அடகு வைக்கிற யோசனையில் இருந்தார். கைப்பந்து விளையாடுகிற பெடியள் நாங்கள் ஒரு ஞாயிறு சிரமதானம் என்று போய் இறங்கினோம். அத்திவாரம் வெட்டினோம், அவரின் முற்றத்திலேயே சீமெந்துக் கல் அரிந்தோம். அச்சுப்பெட்டியில் கலவையை நிரப்பி, குத்தி, மட்டம் தட்டி, பெட்டியை மெல்ல மேலே தூக்க வேண்டும். அவசரப்பட்டால் மூலை உடைந்துவிடும். எனக்கு அந்தத் தூக்கல் மட்டும் நன்றாக வரும், ஆகவே நான் அச்சுப்பெட்டிக்காரன். காலமைக்கும் பின்னேரத்துக்கும் கல்லுக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும். பகலில் நாங்கள் இல்லாத நேரம் அக்காவின் மூத்த பெடியன் அதைப் பார்த்தான்.

எனக்கு மனசு தேறியதா? முகாமிலிருந்து வந்த பிறகு நான் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தவன். அங்கேதான் மறுபடி பகிடி விடத் தொடங்கினேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை. அக்கா முதல் கிழமை முழுக்க எங்களுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். நாங்கள் ஏதோ பிழை விட்டோமோ என்று நினைத்தோம். பிறகு அடுத்த வளவில் வேலை தொடங்கியபோது, ஒருவரும் கேட்காமல் அக்கா குடத்தோடு போய் அங்கே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்குத்தான் எங்களோடு சிரித்துக் கதைத்தார். குடிபூரலுக்கு (கிரகப்பிரவேசத்துக்கு) எங்கள் எல்லாருக்கும் வேட்டி வாங்கி வைத்திருந்தார், அது வேறு கதை.

---

சும்மா_வாசகன்

வன்னிமண் அண்ணா, இதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு லைக் பட்டன் போதாது.

---

ரிட்டையர்டு_ஏஇ (திருச்சி)

மேஸ்திரி மகன் சொன்ன சுவர் கதையை, உதவிப் பொறியாளராக (ஏஇ) இருந்த என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். தவறு வந்தவர்கள் மேல் இல்லை, அவர்கள் கையில் கரணையைக் கொடுத்தவர் மேல். தெரியாதவர்களுக்குக் கட்டடத்தில் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் போட்டோவுக்கு நன்றாக இருக்காது.

முதலாவது தண்ணீர் விடுவது. கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் வலு வருவது சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல இறுகுவதால். காய விட்டால் அது பாதியில் நின்றுவிடும், வெடிப்பு விடும். குறைந்தது ஏழு நாள், முடிந்தால் இன்னும் அதிகம், ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது, தூணுக்குச் சாக்கு சுற்றி நனைப்பது. கான்ட்ராக்டர்கள் முதலில் ஏமாற்றுவது இதில்தான். கட்டுவதற்கு முன் செங்கலைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் கலவையிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். மணல் சலிப்பது, கைமாற்றிச் செங்கல் கொண்டுபோவது, சாரத்துக்குக் கீழே கிடக்கிற ஆணியையும் துண்டுக் கம்பியையும் பொறுக்குவது. கடைசியாகச் சொன்னதை ஒருவரும் செய்வதில்லை. ஒரு ஆணி காலில் ஏறினால் ஒரு சித்தாளின் வாரக் கூலி போச்சு.

மட்டம், தூக்கு, சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகை) பக்கம் போகவே கூடாது. சென்ட்ரிங் பலகையை எப்போது பிரிப்பது என்பதை மேஸ்திரி சொல்லட்டும். ஆர்வக்கோளாறில் பிரித்து ஆள் போன கேஸ் உண்டு.

---

நிலா_மதுரை

நான் மனநலப் பிரிவில் நர்ஸ். பீச்ட்ரீ அண்ணாவுக்கு ஏன் தூக்கம் வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மனச்சோர்வுக்கு ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது. மனசு சரியானதும் எழுந்து வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலையை நேரம் குறித்துச் செய்யவைப்போம், மனசு பின்னாலேயே வரும். இன்ன நேரத்துக்கு வா, இதைச் செய், முடிந்ததைப் பார் என்று வீடு கட்டும் இடம் சொல்கிறது. வெயில், உடல் அசதி, நாலு பேர் பேச்சு எல்லாம் அங்கேயே கிடைக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. படுக்கையை விட்டே எழ முடியவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்கிற அளவில் இருப்பவரை "வாய்யா, செங்கல் தூக்கினால் சரியாகிவிடும்" என்று இழுத்துப் போகாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அமெரிக்காவில் 988.

"எனக்காகப் போகிறேனா" என்ற உறுத்தலை விட்டுவிடுங்கள் அண்ணா. பலன் இல்லாமல் யாரும் எதையும் தொடர்ந்து செய்வதில்லை. மழையிலும் போகிறீர்களா என்பதைத்தான் அந்த வீட்டுக்காரர் பார்ப்பார்.

---

மேஸ்திரி_மகன் (தஞ்சாவூர்)

வன்னிமண் அண்ணன் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அச்சுப்பெட்டி தூக்கும் இடம் வந்ததும், "சரியாச் சொல்றான், மூலைதான் போவும்" என்றார்.

என் கோபம் இன்னும் பாதி இருக்கிறது. பஸ்ஸில் வந்து போகிறவர்கள் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. ஆனால் அதே தெருக்காரன் இறங்கிச் செய்வது வேறுதான். எங்கள் கீழத்தஞ்சைப் பக்கமே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நாகை பக்கம் வந்து நிலமற்றவர்களோடு தங்கிப் போராடிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா, 1981-இல் நிலமற்றவர்களுக்காக லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார். நிலத்தை வாங்கிப் பெண்கள் பேரில் எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. மழையில் கரையும் மண் குடிசையை மாற்றிக் கல்வீடு கட்டும் வேலையிலும் இறங்கினார், கிராமத்து ஆட்களுக்கே கொத்து வேலையும் தச்சு வேலையும் பழக்கினார்கள். 2008-இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது அவருக்கு எண்பதுக்கு மேல்.

இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குக் கிடைத்து, கூலி கட்டுப்படியாகாமல் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்) மட்டத்தில் நிற்கிறது. மேலே சாமான் ஏற்ற ஆள் இல்லை. ஏஇ சார் சொன்ன வேலைகள் எங்கள் பையன்களால் முடியும். கொத்தனாருக்கு முழுக் கூலி, அதில் ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது என்பது அப்பா போட்ட கண்டிஷன். மேற்பார்வை அவர். பாட்டியிடம் கேட்டேன். "செய்ங்கடா, ஆனா என் ஆட்டைப் பத்திரமாப் பாத்துக்கணும்" என்றார். ஆட்டைக் கட்டியிருப்பது செங்கல் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

அடுத்த ஞாயிறு தொடங்குகிறோம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதாக இருந்தால் தனி மடல் போடுங்கள். டீ-சர்ட் கிடையாது.

---

ரிட்டையர்டு_ஏஇ (திருச்சி)

தம்பி, லிண்டலுக்குக் கம்பி கட்டியவுடன் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. முடிந்தால் பஸ் பிடித்து நானே வந்துவிடுகிறேன்.

---

சும்மா_வாசகன்

நான் கும்பகோணம். ஆபீஸில் உட்கார்ந்தே இருக்கிற ஆள், முதுகு கொஞ்சம் பிரச்சினை. எனக்கு ஏதாவது வேலை இருக்குமா? என்ன கொண்டுவர வேண்டும்?

---

மேஸ்திரி_மகன் (தஞ்சாவூர்)

தாராளமாக வாங்க சார். குழாய் பிடித்துத் தண்ணீர் விடலாம், ஆணி பொறுக்கக் காந்தம் ஒன்று கயிற்றில் கட்டித் தருகிறேன், குனியவே வேண்டாம். செருப்பு வேண்டாம், மூடின ஷூ. தலைக்குத் துண்டு. டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு ரொம்ப வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொண்டு வாங்க. சிமென்ட் கையில் பட்டால் எரியும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிட்டு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவுங்க. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு நிறுத்திவிடுவோம், அதுக்கு மேல வெயில் தாங்காது. கும்பகோணத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும்.